ஆடிப்பதினெட்டில் பிறந்த கரும்பு

ராஜாங்கத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது. பார்ப்பதற்கு முன்பே பிடிக்கவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆலைக்கு ஒரு மிஷின் வரப்போகிறது, வெட்டு உத்தரவை இனி அதுதான் போடும் என்று கேன்டீனில் யாரோ சொன்ன அன்றைக்கே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் அவர் கரும்பு அதிகாரி. எந்த வயலை எந்த நாளில் வெட்டலாம் என்று உத்தரவுச் சீட்டு கொடுக்கிறவர். கரும்பு போட்டவனுக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் உயிர். சீட்டு இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது. சீட்டு தாமதமானால் கரும்பு பூத்து, உள்ளே பஞ்சாகிவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி வேலையை ராஜாங்கம் பல வருஷமாகக் குறையில்லாமல் பார்த்துவந்தார்.

கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டு இரும்பு கேட்டுக்கு வெளியே விடிந்ததும் ஆள் நிற்கும். வெள்ளிமலையிலிருந்து தேன் வரும், பலாப்பழம் வரும். அவர் பல் துலக்கி, குளித்து, பேப்பர் படித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு மெதுவாக வெளியே வருவார். அதுவரை யாரும் கேட்டைத் தொடமாட்டார்கள். அந்த நிற்றலில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அதை மறைக்கவும் அவர் மெனக்கெட்டதில்லை.

எண்பத்தேழாம் வருஷம் வைகாசியில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு ஏசி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. கம்ப்யூட்டரோடு கூட வந்தவன் ஆல்பின். வெளியூர்க்காரன் என்றாலாவது ராஜாங்கத்துக்கு மனசு ஆறியிருக்கும். அவன் கச்சிராயபாளையம் பக்கத்துப் பையன், அந்தோணிதாஸ் மகன். திருச்சியில் படித்து, சென்னையில் வேலை பார்த்துவிட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு திரும்பி வந்திருந்தான்.

அந்தோணிதாஸ் யாரென்று ராஜாங்கத்துக்கு நினைவில்லை. ஆனால் ஆல்பினுக்கு நன்றாக நினைவிருந்தது. குத்தகை நிலத்தில் கரும்பு போட்டுவிட்டு, ஒரு வெட்டுப் பருவம் முழுக்க அந்த இரும்பு கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர் அவர். சீட்டு கிடைப்பதற்குள் கரும்பு பூத்துவிட்டது. அதை வெட்டி வரப்பில் போட்டுக் கொளுத்தும்போது ஆல்பின் பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் நின்றான். அன்றைக்கு எரிந்தது அவன் வயிற்றில் இன்னும் அணையவில்லை. அதை அணைக்கத்தான் ஆலை தனக்கு ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறது என்பதுபோல அவன் நடந்துகொண்டான்.

அதிகாரிகளையும் ஃபீல்டுமேன்களையும் உட்காரவைத்து ஆல்பின் பாடம் நடத்தினான். ஜெனரல் மேனேஜர் ராமசாமியும் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது முடிவு எடுக்கிற மிஷின் இல்லீங்க. முடிவு எடுக்கறது நாமதான். இது ஒத்தாசை மட்டும்தான் பண்ணும். உள்ளே விவரம் இருக்கும். யார் வயலு, இன்னா ரகம், எப்ப நட்டது, ஆலைக்கு எவ்ளோ தூரம், எல்லாம். அதுங்கூட ஒரு கணக்கு இருக்கும். எத்தினி மாசத்துல சர்க்கரை ஏறும், ஒரு நாளைக்கு எத்தினி லாரி ஓடும்னு. நாம ஒரு கேள்வியப் போட்டா, இப்பிடிப் பண்ணா இது ஆவும், அப்பிடிப் பண்ணா அது ஆவும்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். லாரி கம்மியானா? மழை ஜாஸ்தியானா? எதுன்னாலும் கேக்கலாம். பாத்துட்டு எது நல்லதுன்னு நாம சொல்லணும்."

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ராஜாங்கத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. தான் வாயைத் திறந்தால்தான் இவர்கள் வாயைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

"இதுக்குப் போயி இவ்ளோ பெரிய ரூமா? எங்க ஊர்ல இதைக் கிளி ஜோசியம்னு சொல்லுவாங்க தம்பி. மரத்தடியில ஒரு கூண்டு போதும்" என்றார்.

அறை சிரித்தது. ஜெனரல் மேனேஜரும் சிரித்தார். ஆல்பின் மட்டும் சிரிக்கவில்லை.

"சரிதாங்க சார். ஆனா கிளி சீட்டை எழுதாது. கட்டுல நீங்க எந்தச் சீட்டை வெச்சிருக்கீங்களோ, அதுல ஒண்ணத்தான் எடுக்கும். சீட்டுல பொய் எழுதி வெச்சா, கிளியைத் திட்டிப் புண்ணியமில்ல" என்றான்.

இந்த முறை அறை கொஞ்சம் வேறு மாதிரி சிரித்தது. ராஜாங்கம் அந்தச் சிரிப்பைக் கணக்கு வைத்துக்கொண்டார்.

கட்டில் இருந்த சீட்டு எல்லாம் ராஜாங்கம் எழுதியதுதான். அதில் ஒரு ஊரைப் பற்றிய சங்கதி அவருக்கு மட்டும் தெரியும். மலையடிவாரத்தில் வேம்படித்தாங்கல் என்று ஒரு ஊர். கோமுகி ஆற்றில் தண்ணீர் வருகிற ஆடிப்பதினெட்டு அன்று அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வயலின் சனிமூலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு கை கரணையை, விதைக்கரும்புத் துண்டை, ஊன்றிவிட்டு வருவார். அன்றைக்குக் கரும்பு பிறந்தாயிற்று. மீதி வயலை ஆவணியில் நடுவார்களோ, ஐப்பசியில் நடுவார்களோ, கார்த்திகை வரைக்கும் இழுப்பார்களோ, அது அவரவர் கிணற்றையும் கூலியாளையும் பொறுத்த விஷயம். எப்போது நட்டாய் என்று கேட்டால் மட்டும் ஊர் முழுக்க ஒரே பதில்தான் வரும்: ஆடிப்பதினெட்டு. பொய் சொல்வதாக அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. குழந்தை பிறந்த நாளைக் கேட்டால் பிறந்த நாளைத்தானே சொல்ல வேண்டும், வளர்ந்த நாளையா சொல்வார்கள்?

ராஜாங்கம் அந்தத் தேதியை அப்படியே பதிந்துவிடுவார். பதிந்தாலும் வெட்டு உத்தரவு போடும்போது வயலைச் சுற்றி வந்து, கணுவைப் பார்த்து, ஒரு கரும்பை ஒடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த வித்தை அவர் தலைக்குள் இருந்ததால்தான் அவர் வாசலில் கூட்டம் நின்றது.

விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நிற்கட்டும், ஒரே வாரத்தில் ஒரு ஊர்க் கரும்பு மொத்தமும் வந்து ஆலை கேட்டில் நிற்கட்டும், லாரி மேல் லாரி ஏறட்டும், அப்போது அந்தோணிதாஸ் மகன் எந்தப் பேனாவை எடுத்துப் பதில் எழுதுகிறான் என்று பார்ப்போம். இப்படி நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிறவனுக்கு, அறுக்கிற நேரத்தில் வலி தெரிவதில்லை.

ஆவணி முடியப்போகிற சமயத்தில்தான் மறியல் செய்தி வந்தது. தனி இடஒதுக்கீடு கேட்டு, புரட்டாசி பிறக்கும்போது ஒரு வாரம் வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். டீக்கடையில் வேறு பேச்சில்லை. ஜெனரல் மேனேஜர் எல்லோரையும் ஏசி அறைக்குக் கூப்பிட்டார்.

வெட்டிய கரும்பை மறுநாளே ஆட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் எடை போகும், நாலு நாள் கிடந்தால் புளித்துப்போகும். ஒரு வாரம் ரோடு மூடினால் எதை வெட்டுவது, எதை நிறுத்துவது என்பதுதான் கேள்வி. ஆல்பின் அந்தக் கேள்வியை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தான். அது அச்சடித்துத் தந்த, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத்தாளைக் கையில் மடித்து வைத்திருந்தான்.

"எல்லா ஊருக்கும் வழி கெடச்சிருச்சுங்க. வேம்படித்தாங்கல்ல மட்டும் ஒரு அதிசயம். ஊரு மொத்தமும் ஒரே நாள்ல கரும்பு நட்டிருக்குது. அத்தினி கூலியாளு எங்கேர்ந்து வந்தாங்கன்னு தெரியல. மலையிலேர்ந்து தேவதைங்க எறங்கி வந்து நட்டாங்களோ இன்னாவோ" என்றான்.

ஃபீல்டுமேன்கள் குனிந்து சிரித்தார்கள். போன வருஷம் இதே ஆட்கள் ராஜாங்கம் தும்மினால் சட்டைப்பையில் கைக்குட்டை தேடியவர்கள்.

"என்ன ராஜாங்கம் இது?" என்றார் ஜெனரல் மேனேஜர்.

ஆல்பின் ராஜாங்கத்தைப் பதில் சொல்ல விடவில்லை. "ரெண்டுல ஒண்ணுதாங்க. தேதி நெசம்னா அத்தினியும் முத்திப்போச்சு. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் நின்னா பூத்துடும். இருக்கிற ஆளு, லாரி எல்லாத்தையும் அங்க அனுப்பி, மறியலுக்கு முன்னாடி வெட்டி ஏத்திடணும். இல்ல, சாரு வயலைப் பாக்காம வூட்ல உக்காந்துக்கினு எழுதிட்டாருன்னா, முத்தின ரெண்டு மூணு வயலை மட்டும் வெட்டிட்டு மத்ததை நிக்க வெச்சிடலாம். நின்னா ஒண்ணும் ஆவாது. எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சாருதான் சொல்லணும்."

கேட்கவேண்டிய கேள்விதான். அதைத் தனியாக, வராந்தாவில், 'சார், இந்தத் தேதி சரிதானா' என்று கேட்டிருந்தால் ராஜாங்கம் ஒருவேளை சொல்லியிருப்பார். நாலு பேர் நடுவில் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி கேட்டான். ஆல்பினுக்கு அந்த நேரத்தில் பதில் முக்கியமில்லை, அவர் முகம் எப்படிப் போகிறது என்பதே முக்கியம். அப்பன் பட்டதற்கு வட்டியும் முதலுமாக அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் அவனுக்கு.

உண்மை ராஜாங்கத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த ஊர் மாயவன் வயல் ஐப்பசியில் நட்டது. தன் சொந்த அக்காள் அமிர்தத்தின் வயல் கார்த்திகையில் நட்டது, பத்து மாசம்கூட நிறையவில்லை. ஊரில் பாதிக்கு மேல் பச்சைக் கரும்பு. வாயைத் திறந்தார். ஆல்பினின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு காத்துக்கொண்டிருந்தது.

"தேதி சரிதான். என் கையால எழுதினது. வெட்டலாம்" என்றார் ராஜாங்கம்.

ஆல்பின் ஒரு கணம் அவரைப் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் போகவில்லை. போகவில்லை என்றால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு வயலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டான், அவ்வளவுதான். தப்பானால் அவர் தலை என்று அவன் நினைத்தான். தப்பானால் இவன் தலை என்று அவர் நினைத்தார். இரண்டு பேர் நினைப்பிலும் ஊர் இல்லை.

உத்தரவு ஊருக்குப் போனதும் மாயவன் சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்கு ஓடிவந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே கையிலிருந்த அச்சடித்த சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அய்யா, எங்களுக்கும் வெட்டச் சொல்லி வந்துகுதுங்க. இன்னும் கணுவே சரியா ஏறலீங்களே. ஒரு மாசம் வுட்டு வெட்டலாமுங்களா?"

"என்னை இன்னா கேக்கற? இப்பல்லாம் நானா போடறேன்? கம்ப்யூட்டர் போடுது. அதாண்ட போய்க் கேளு."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுங்க. நாங்க அதைப் பாக்கலீங்க, உங்களைத்தான் பாக்கறோம்."

இந்தப் பேச்சு முன்பானால் அவருக்குத் தேனாக இருந்திருக்கும். இன்றைக்கும் இனித்தது. ஆனால் இவன் இன்றைக்கு இப்படிச் சொன்னால் போதாது, ஊரே ஒன்றுகூடி அந்த ஏசி அறை வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"வேணாம்னா சொல்லிடு, கடைசிக்குப் போயிடுவே. அப்பறம் சித்திரையிலதான் உனக்குச் சீட்டு" என்றார்.

வந்த சீட்டை வேண்டாம் என்று சொல்கிற துணிச்சல் கரும்பு போட்ட எவனுக்கும் கிடையாது. மாயவன் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

அன்று மத்தியானமே ராஜாங்கம் வேம்படித்தாங்கலுக்குப் போனார். வெட்டாட்கள் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக அக்காள் வீட்டுக்குப் போனார். அமிர்தம் புருஷன் போனபிறகு தனியாக நின்று வயலைப் பார்க்கிறவள். கிணற்று மோட்டார் கெட்டுப்போய், எல்லோரும் நட்ட பிறகு கடைசியாக நட்டவளும் அவள்தான்.

"அக்கா, உன்னுதை வெட்டாத" என்றார்.

"ஏன்டா? ஊரே வெட்டுது. மேஸ்திரி நாளைக்கு நம்மளுதுன்னு சொல்லிட்டுப் போனான்."

"ஒடம்பு சரியில்ல, கூலியாளுக்குச் சோறாக்க முடியாதுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அமிர்தம் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடா விசயம்? என்னுது பச்சைக் கரும்பு, எனக்கே தெரியும். மாயவனுதுந்தான் பச்சை. தெற்கால கொல்லை முழுக்கப் பச்சை. அவங்களுக்குச் சொன்னியா?"

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லியிருக்குது."

"உனக்கு?"

ராஜாங்கம் செருப்பை மாட்டினார். "சொன்னா கேளு, கம்முனு இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். புருஷன் போன நாளிலிருந்து தம்பி சொல்லைத் தட்டாதவள் அமிர்தம். அன்றைக்கும் தட்டவில்லை. ஆனால் அவர் வண்டி தெருவைத் தாண்டும்வரை வாசலில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தாள்.

வெட்டு மளமளவென்று நடந்தது. மலைச்சரிவு வரை நின்ற கரும்பு சாய்ந்து, காய்ந்த சோகைத் தாளும் நுனிக் கொழுந்தாடையுமாக நிலம் தெரிந்தது. முதல் இரண்டு நாள் லாரிகள் ஒழுங்காக வந்து போயின. மூன்றாம் நாள், ஊர் முழுக்க வெட்டிச் சாய்த்தபிறகு, லாரி வரவில்லை. மறியல் தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் கண்ணாடி உடையும், டயர் எரியும் என்று பயந்துபோய் லாரி முதலாளிகள் முன்கூட்டியே வண்டிகளை ஷெட்டில் அடைத்துவிட்டார்கள். மறியல் நாள் வரை லாரி ஓடும் என்றுதான் ஆல்பின் கணக்குப் போட்டிருந்தான். பயத்துக்கு அவன் கணக்கில் இடம் இல்லை. ஜெனரல் மேனேஜர் போனில் கத்தினார், கெஞ்சினார். ஒருத்தரும் வரவில்லை.

புரட்டாசி பிறந்தது. புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே சாய்ந்தன. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியவில்லை. மரம் வெட்டியவர்களில் பாதிப் பேர் வேம்படித்தாங்கல் பையன்கள்தான். வயலில் வெட்டிக் கிடந்ததும் அவர்கள் வீட்டுக் கரும்பு, ரோட்டில் வெட்டிக் கிடந்ததும் அவர்கள் போட்ட மரம். அப்பன்மார் வந்து ஒரு லாரியாவது விடச் சொல்லிக் கெஞ்சியபோது, பையன்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்களே தவிர மரத்தை நகர்த்தவில்லை. விழுப்புரம் பக்கமிருந்து துப்பாக்கிச்சூடு, சாவு என்று வந்த செய்திகளும் நல்ல செய்திகளாக இல்லை. யாரிடம் போய் என்ன கேட்பது?

ஒரு வாரம் வெயில் காய்ந்தது. கட்டுக் கட்டாகக் கிடந்த கரும்பு முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு புளித்த வாடை அடித்தது. மாயவன் தினமும் தன் கட்டுகளை ஈரச் சோகையால் மூடிவிட்டு வந்தார். செத்தவனுக்குப் போர்த்துகிற மாதிரி இருந்தது அது.

ரோடு திறந்த அன்று ஜெனரல் மேனேஜர் ஆல்பினையும் ராஜாங்கத்தையும் ஜீப்பில் ஊருக்கு அனுப்பினார். ராஜாங்கம் வழியெல்லாம் வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். அவர் காத்திருந்த நாள் அல்லவா? அவர் நினைத்தபடியேதான் ஆரம்பமும் ஆனது. ஜீப் நின்றதும் ஊர் ஆல்பினைத்தான் சூழ்ந்தது. மாயவன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பேனா இரண்டும் புழுதியில் விழுந்தன.

"எவன்டா உங்க கம்ப்யூட்டருக்குச் சொன்னது, எங்க கரும்பு முத்திப்போச்சுன்னு?"

"தேதியைப் பாத்துதான் போட்டது. தேதி சரியான்னு நான் கேட்டேன். எல்லாரையும் வெச்சிக்கினு கேட்டேன்" என்றான் ஆல்பின். "சரிதான், வெட்டலாம்னு சொன்னது இவரு."

"நான் இன்னாத்தக் கண்டேன்? நீங்க சொன்ன ஆடிப்பதினெட்டைத்தான் எழுதினேன்" என்று ராஜாங்கம் கையை விரித்தார். "வருஷா வருஷம் நான் சீட்டு போட்டப்ப இப்பிடி ஆச்சா? மிஷினைக் கொண்டாந்து நட்டவங்களைக் கேளுங்க. நானும் உங்களை மாதிரி ஏமாந்தவந்தான்."

கூட்டம் ஒரு கணம் தயங்கியது. அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. ஒரு கிழவர் தலையைக்கூட ஆட்டிவிட்டார். ராஜாங்கத்துக்கு மார்பு நிமிர்ந்தது.

மாயவன் ஆல்பினின் சட்டையை விட்டார். விட்டுவிட்டு ராஜாங்கத்தைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தார். எல்லோரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். ஊர் மொத்தமும் மொட்டையடித்துக் கிடக்க, நடுவில் குடுமி வைத்த மாதிரி ஒரே ஒரு வயல் நின்றது. கரும்பு ஆளுயரத்துக்கு மேல் பச்சைப்பசேலென்று காற்றில் ஆடியது.

"அமிர்தக்கா கரும்பு மட்டும் எந்தக் கம்ப்யூட்டரு சொல்லி நிக்குதுங்க அய்யா?" என்றார் மாயவன்.

"அதுக்கு... அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு..." என்று ஆரம்பித்தார் ராஜாங்கம்.

அமிர்தம் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தாள். அவள் வயல் மட்டும் தப்பியதிலிருந்து, ஒரு வாரமாக அந்தத் தெருவில் யாரும் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிடவில்லை. தம்பி தன் முகத்தைத் துணைக்குத் தேடுவது தெரிந்தும் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடித்திருந்தாலாவது பரவாயில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராகக் கலைந்து போனார்கள். ஆல்பின் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினான். திரும்பி வந்த ஜீப் ஆலை கேட்டை நெருங்கியபோது ஆல்பின் சொன்னான்: "எங்கப்பா அன்னிக்கு ஒரு வயலைத்தான் கொளுத்தினாரு சார்." யாரைக் குற்றம் சொல்கிறான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் ராஜாங்கத்தின் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "வாசல்ல ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க. முன்ன மாதிரி."

அவர் பல் துலக்கவில்லை, பேப்பர் எடுக்கவில்லை. நடைக்கு வந்து நின்றார். ரோட்டோரம் வேம்படித்தாங்கல் டிராக்டர் நின்றது. அதிலிருந்து ஆள் ஆளாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கட்டு காய்ந்த கரும்பு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் திட்டவில்லை. கட்டைக் கேட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாயவன் தன் கட்டை மற்றக் கட்டுகளின் மேல் பதமாக ஏற்றி வைத்தார். கேட் கம்பி ஒவ்வொன்றாக மறைந்தது. புளித்த வாடை நடைவரைக்கும் வந்தது, ஈயும் கூடவே வந்தது.

"மாயவா, நில்லு. நான் சொல்றதைக் கேளு" என்றார் ராஜாங்கம். மாயவன் நிற்கவில்லை.

கடைசியாக அமிர்தம் இறங்கினாள். அவள் இடுப்பில் கொடுவாள் இருந்தது. தலையில் ஒரு கட்டு, அது பச்சை. வெட்டிய இடத்தில் இன்னும் சாறு கசிந்து அவள் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீ எதுக்கு இதெல்லாம்? உன்னுது நிக்கட்டும்னுதானே நான்..."

"உன்னுதுன்னு சொல்லாதடா. ஊரு வயலு மொத்தமும் காஞ்சி கெடக்குது. இது ஒண்ணுதான் நின்னுது. அதால இது உன் கரும்பு" என்றாள் அமிர்தம். "பாதி வெட்டியாச்சு. மாயவன் வூட்டு மாட்டுக்கும் தெற்குத்தெரு மாட்டுக்கும் போட்டுட்டேன். சாயந்தரத்துக்குள்ள மீதியும் சாஞ்சிடும். நான் அந்த ஊர்லதான் இருக்கணும்."

பச்சைக் கட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் டிராக்டரில் ஏறினாள்.

ராஜாங்கம் கேட்டைத் தள்ளினார். அது வெளிப்பக்கம் திறக்கிற கேட். கரும்புப் பாரத்தில் அசையவில்லை. இன்னொரு முறை தோளைக் கொடுத்துத் தள்ளினார். வெளியே நின்று அந்தக் கட்டுகளை இழுத்துப்போட ஒரு ஆள்கூட இல்லை.